மிச்சம் பிடித்தவர்

எங்கள் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிக்கனம்" என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். ஆளில்லாத இடத்தில் விசிறி சுற்றினால் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் நிறுத்துவார். குழாய் சொட்டினால் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுவார். ஒருநாள் கழிப்பறைக்குள் ஆள் இருக்கும்போதே வெளியில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். உள்ளே இருந்தவர் போட்ட கூச்சலில் பட்டறையே சிரித்தது. "ஏன், இருட்டுல வராதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு இவர் பாட்டுக்கு லேத்துக்குத் திரும்பிவிட்டார்.

முதலாளி வீட்டுக் கரன்ட்டை மிச்சம் பிடிக்க நீ யாரய்யா என்று நான் அவரிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். நான் அப்போது சங்கத்தில் பொறுப்பில் இருந்தேன்.

"யார் வீட்டுக் கரன்ட்டா இருந்தா என்ன தோழர், வீணாப் போறதைப் பார்த்துட்டு இருக்க முடியல" என்பார்.

நல்ல மனிதர். நல்ல மனிதர்களை வைத்துக்கொண்டு சங்கம் நடத்துவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது.

ஒரே வரிசையில் மூன்று லேத். மூன்றிலும் ஒரே வேலைதான்: எஃகுக் கம்பியைக் கடைந்து பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட் ஆக்குவது. முதல் லேத் சிக்கனத்துடையது, மூன்றிலும் பழையது. மற்ற இரண்டு லேத்துக்கும் வேகமும் அளவும் பார்த்து அமைத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. நடு லேத்தில் ஒருவர், வேலைக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். மூன்றாவது லேத் புதியது. அதில் நின்றவன் சிக்கனத்தின் மச்சினன், அவர் மனைவியின் தம்பி.

அந்தத் தம்பியை அக்காதான் வளர்த்தாள். தாய் போனபோது அவன் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத பிள்ளை. கல்யாணம் பேசும்போது அவள் போட்ட ஒரே நிபந்தனை, தம்பியும் கூட வருவான் என்பது. சிக்கனம் தலையாட்டினார். அவன் வளர்ந்ததும் தன் வரிசையிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவனுக்கும் கல்யாணம் ஆகிப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தான். மனைவி பிள்ளைத்தாச்சி.

அந்த நேரம் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மின்சாரச் செலவு கட்டுப்படியாகவில்லை, குறையாவிட்டால் ஷாஃப்ட் வரிசையை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. சிக்கனம் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வேலை போனாக்கூட எப்படியோ சமாளிச்சுக்கலாம். அவன் வேலை போகக் கூடாது. புள்ளைத்தாச்சிய வெச்சுக்கிட்டு அவன் எங்க போய் நிப்பான்? எதையாவது பண்ணுங்க."

மறுநாள் மேனேஜர் அறைக்கு அவரே போய், நான் குறைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அடுப்பில் விழுந்த மாதிரி இருந்தது.

"மெஷின்ல மீட்டர் மாட்ட விடாதேய்யா. இன்னைக்குக் கரன்ட்டை அளப்பான், நாளைக்கு உன்னை அளப்பான்."

"அளந்துட்டுப் போகட்டுமே. கரன்ட்டு குறைஞ்சா வரிசை நிக்கும்ல?"

"நிக்கும்னு எழுதிக் கொடுத்தானா?"

"நீங்க எதையும் எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவீங்க."

"பின்னே? வாயால சொன்னதை எந்தக் கோர்ட்டுல கொண்டுபோய் நீட்டுவே?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அளக்க வந்தவள் ஒரு சின்னப் பெண். படித்து முடித்து வந்த புது இன்ஜினியர். மீட்டர்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். மின்பெட்டியைத் திறந்து, கம்பிகளைச் சுற்றிக் கவ்வுகிற வளையங்களை மாட்டினாள். எண்கள் பெட்டியின் முகத்தில் ஓடின. சிக்கனம் பெருமையோடு தன் லேத்தை எப்போதும் ஓட்டுகிற மாதிரி மெதுவாக ஓட்டிக் காட்டினார். எண் இறங்கியது.

"பார்த்தியாம்மா? நான் எப்பவும் இப்படித்தான். பொறுமையா, கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா கரன்ட்டு கம்மி."

"கம்மிதான் அண்ணே. எவ்வளவு நேரத்துக்குக் கம்மி?"

அவருக்குப் புரியவில்லை. அவள் கத்தியைப் பின்னால் இழுக்கச் சொன்னாள். இரும்பைத் தொடாமல் மெஷின் சும்மா சுற்றியது. எண் கொஞ்சம்தான் குறைந்தது.

"இப்ப எதையுமே வெட்டல. ஆனாலும் கத்தியைக் குளிர வைக்கிற பம்பு, விசிறி, மோட்டாரு எல்லாம் தின்னுட்டே இருக்கு பாருங்க. வெட்டுறதுக்கு ஆகுற கரன்ட்டு கொஞ்சம்தான். மெஷின் முழிச்சுட்டு நிக்குறதுக்கு ஆகுறதுதான் ஜாஸ்தி. நீங்க மெதுவா வெட்டுறது, அடுப்பைச் சின்னதா வெச்சு நாள் பூரா ஒரே ஒரு முட்டையை வேக வைக்கிற மாதிரி."

சிக்கனத்துக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை காலம் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு கொட்டிக் கவிழ்த்திருக்கிறார். நடு லேத்துக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அப்போ இவருக்குப் பேரைத் தப்பா வெச்சுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள், மச்சினன் எல்லோரையும்விடச் சத்தமாக. சிக்கனமும் கடைசியில் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பின்னாலேயே திரிந்தார்.

மாற்றக்கூடியவை மூன்று. கம்பி சுற்றும் வேகம், கத்தி நகரும் வேகம், ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் வெட்டுவது. ஒன்றை மாற்றும்போது மற்ற இரண்டையும் தொடக் கூடாது என்றாள் மீட்டர்காரம்மா. சுற்றை ஏற்றிப் பார்த்தார்கள். டிப் கருகியது. டிப் என்பது கத்தியின் நுனியில் திருகி மாட்டுகிற சின்னச் சதுரத் துண்டு, இரும்பைத் தொடுவது அது மட்டும்தான். சுற்றை இறக்கிவிட்டு நகர்வை ஏற்றினார்கள். ஷாஃப்ட்டின் மேல் திருகாணி மாதிரி வரிவரியாகக் கோடு விழுந்தது. அதையும் விட்டுவிட்டு ஆழத்தைக் கூட்டினார்கள். மெஷின் உறுமியது, எண் எகிறியது, சிக்கனத்தின் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. ஆனால் பல தடவை வெட்டியது ஒரே தடவையில் முடிந்துவிட்டது. கூட்டிக் கழித்தபோது ஒரு ஷாஃப்ட்டுக்கு ஆன மின்சாரம் குறைவு.

அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட இருவரும் மெஷின் பக்கத்திலேயே நின்றார்கள். கடைசியில் வழிக்கு வந்தது: சுற்று மிதமாக, ஆழம் மெஷின் தாங்குகிற மட்டும், நகர்வு கோடு விழாத மட்டும், முடிவில் மெருகுக்கு ஒரே ஒரு மெல்லிய வெட்டு. ஒரு ஷாஃப்ட் முடிந்து அடுத்தது மாட்டும்வரை பம்பை அணைத்துவிடுவது. ஷாஃப்ட் ஒன்றுக்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேனேஜர் வந்து கைகொடுத்தார், படம் பிடித்தார்கள்.

"எங்க மாமா சயின்டிஸ்ட்டு!" என்று மச்சினன் வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஷாஃப்ட் சீக்கிரம் முடிகிறது, ஆனால் ஆர்டர் கூடவில்லை. மூன்று லேத் செய்த வேலையை இனி இரண்டே செய்துவிடும். மூன்றாவது சும்மா நிற்கலாமா? சும்மா நின்றாலும் தின்னும் என்று மீட்டரே சொல்லிவிட்டது. எனவே அணைத்துவிட வேண்டியதுதான். மெஷினையும், அதன் ஆளையும்.

மிச்சம் என்றால் சேமித்தது. தேவைக்கு மேல் கிடப்பதும் மிச்சம்தான். முதல் மிச்சத்தைச் சிக்கனம் பிடித்தார். இரண்டாவதை மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

யாரை அனுப்புவது என்று மேனேஜர் வாயால் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் அவருக்குக் கிடையாது. மூவரையும் கூப்பிட்டு, "நான் யாரையும் கை காட்டல. மூணு மெஷினையும் ஒரே அளவுல ஓட்டி அளப்போம். எது அதிகமா தின்னுதோ அது நிக்கும். அந்த மெஷின்காரரும் நின்னுக்க வேண்டியதுதான்" என்றார். கழுத்தறுப்பை இரும்பின் தலையில் போட்டுவிட்டார்.

சிக்கனம் அலட்டிக்கொள்ளவில்லை. தன் லேத் கிழடு, எப்படியும் அதுதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பட்டறைக்கே தெரியும். வீட்டில் மனைவியிடமும் சொல்லிவிட்டார். "என்னுதுதான் போகும். உன் தம்பிக்கு ஒண்ணும் இல்லை." அவள் அழுதாள். அழுகையோடு அழுகையாக நிம்மதியும் பட்டாள்.

இந்த இடத்தில் டிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோர்க்காரனிடம் புது டிப் கேட்டால், "போன வாரம்தானே வாங்கினே, தின்னுட்டியா?" என்பான். கையெழுத்து வாங்கி வருவதற்குள் மெஷின் நின்றுபோகும். மெஷின் நின்றால் மெமோ நமக்கு வரும். அதனால் புது டிப் கிடைத்தால் எவனும் உடனே மாட்ட மாட்டான். பெட்டிக்குள் பதுக்கிவிட்டு, பழைய டிப்பைத் திருப்பிப் போட்டுத் தேய்ந்த மூலையிலேயே காலம் ஓட்டுவான். டிப் பதுக்கத் தெரிந்தவன்தான் எங்களுக்குள் கெட்டிக்காரன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தொழிலாளிக்குப் பழக்கியது ஸ்டோரைப் பூட்டி வைத்த நிர்வாகம். யார் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

அளக்கிற அன்றைக்கு மூவருக்கும் ஆளுக்கொரு புது டிப் கொடுத்தார்கள். சிக்கனம் காலையில் மூன்று மெஷினிலும் அளவுகளை அமைத்தார். டிப்பை அவரவர் மாட்டிக்கொண்டார்கள். மீட்டர்காரம்மா கேட்டாள்:

"எல்லாரும் புது டிப்தானே போட்டிருக்கீங்க?"

மூவரும் தலையாட்டினார்கள்.

மூன்றாவது மெஷின்தான் அதிகமாகத் தின்றது. புது மெஷின். நடு லேத்தையும் தாண்டி, சிக்கனத்தின் கிழட்டு மெஷினையும் தாண்டி. மச்சினனுக்கு மாதக் கடைசியோடு கணக்கு முடித்துவிடுவதாக அப்போதே சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றான்.

"காலைல என் மெஷின்ல கை வெச்சது யாரு மாமா?"

"அளவு வெக்க வந்தேன் மாப்ளே. மூணுலயும்தான் வெச்சேன்."

"உங்க ஓட்டை மெஷினைவிட என்னுது எப்படி அதிகமா தின்னும்?"

"அதான் எனக்கும் புரியல."

"உங்களுக்குப் புரியலையா? பட்டறைல துடைப்பத்துக்குக்கூடப் புரியுது. டிப்பை மாத்திட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்களே!"

"வாயை அளந்து பேசுடா."

"அளக்குறதெல்லாம் உங்க வேலை. நான் எதுக்கு அளக்கணும்?"

மனைவி நடுவில் வந்தாள். "சண்டை எதுக்கு? நான் பண்ணலைன்னு என் மேல சத்தியமா சொல்லிடுங்க, முடிஞ்சுபோச்சு."

"நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்? இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினே, உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏங்க கேக்கப் போறேன்?"

அவர் சத்தியம் பண்ணவில்லை. ரோஷம். அந்த ரோஷத்தைத்தான் அவள் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

நான் பட்டறை வாசலில் கூட்டம் போட்டேன். மெஷின் எதுவாக இருந்தாலும் ஒருவரையும் வெளியே அனுப்பக் கூடாது, ஷாஃப்ட் சீக்கிரம் முடிந்தால் வேலை நேரத்தைக் குறை, ஆளைக் குறைக்காதே என்று தொண்டை கிழியப் பேசினேன். எதிரில் நின்றது ஒரு கை விரலுக்குத்தான் தேறும். மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அது மாமன் மச்சான் தகராறு தோழர். அவங்களே பேசித் தீர்த்துக்கட்டும். நமக்கு எதுக்கு?"

மேனேஜர் செய்ததைக் குடும்பச் சண்டையாக்கி வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியாயிற்று. அதற்கு அவர் ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை. அதுதான் உண்மையான சிக்கனம்.

இரண்டொரு நாளில் சிக்கனம் சங்க ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மூணாவது மெஷினைக் கழட்டிப் பார்த்தேன். டிப்பு பழசு. மூலை தேஞ்சுபோயிருக்கு. தேஞ்ச மூலை இரும்பை வெட்டாது தோழர், தேய்க்கும். மெஷின் மூச்சு முட்டி இழுத்திருக்கு, அதான் கரன்ட்டு ஏறியிருக்கு. புது டிப்பு அவன் பெட்டில அடியில இருக்கு, உறை பிரிக்காம."

"அவனே மாட்டினானா?"

"பழக்கதோஷம். புதுசைக் கண்டா பதுக்கத்தான் தோணும். அன்னைக்குமா பதுக்குவான்? புது மெஷின்தானே, எப்படியும் ஜெயிச்சுரும்னு நெனச்சிருப்பான்."

"அப்போ நேரே மேனேஜர்கிட்ட போ. மறுபடி அளக்கச் சொல்லு."

"சொன்னா அவன் என்னாவான்?"

யோசித்துப் பார்த்தேன். கொடுத்த டிப்பை ஒளித்தான், கேட்டபோது பொய்யாகத் தலையாட்டினான். மெஷின் நின்று போகிறவனுக்கு ஏதோ கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். ஏமாற்றிப் பிடிபட்டவனுக்கு அதுவும் கிடையாது. வேறு பட்டறையில் சேர்க்கவும் மாட்டார்கள்.

"நான்தான் மாத்தினேன்னு எழுதிக் கொடுத்துட்டா, அளந்தது செல்லாதுல்ல? மறுபடி அளந்துதானே ஆகணும்?"

"பைத்தியமாய்யா உனக்கு? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவான்."

"மறுபடி அளந்தா எப்படியும் என்னுதுதான் நிக்கும். போறது போறதுதானே."

"மெஷின் நின்னு போறதும், திருட்டுப் பட்டத்தோட போறதும் ஒண்ணா?"

"வீட்டுல ஏற்கெனவே அந்தப் பட்டம் கொடுத்தாச்சு தோழர். புதுசா என்ன போயிடப் போவுது?"

நான் எழுதித் தர மாட்டேன் என்றேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். மேஜையில் கிடந்த தாளை எடுத்து, நின்றபடியே தானே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி அளந்தார்கள். புது டிப்போடு மூன்றாவது மெஷின் எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தின்று முதலில் வந்தது. சிக்கனத்தின் மெஷின் கடைசி. மின்கம்பியை அன்றே கழற்றிவிட்டார்கள். ஏமாற்று வேலை என்று எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள், கையில் எதுவும் கொடுக்காமல். மேனேஜருக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. அதிகச் சம்பளம் வாங்கிய ஆள் தானாகவே வந்து தலையை நீட்டினால் யாருக்குத்தான் இனிக்காது? சிக்கனம் கண்டுபிடித்த அளவுகளை அச்சடித்து, மிச்சமிருந்த இரண்டு லேத்திலும் ஒட்டிவைத்தார்கள்.

மீட்டர்காரம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தாள். "முதல் தடவை அளந்தப்பவே எனக்குச் சந்தேகம் சார், டிப்பு பழசோன்னு. எண் ஓடுற விதமே சரியில்ல. மேனேஜர்கிட்ட சொன்னேன். 'அளந்தாச்சுல்ல, விடும்மா'ன்னுட்டாரு" என்றாள். விட்டுவிட்டாள். அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

சிக்கனம் இப்போது ஜன்னல் கம்பி செய்கிற ஒரு பட்டறையில் குழாய் அறுக்கிறார். மனைவி அவரை விட்டுப் போகவில்லை. சமைக்கிறாள், தட்டை வைக்கிறாள், பேச மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். தம்பிக்குப் பிள்ளை பிறந்தபோது அவள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளை யார் ஜாடை என்று இவர் கேட்டிருக்கிறார். சுவருக்குக்கூட அவள் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் போய், அந்த அம்மாவிடம் நடந்தது நடந்தபடி சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"நீங்க அவருக்குச் சிநேகிதம். அவருக்காகத்தான் பேசுவீங்க" என்றாள். "என் தம்பியை நான் வளர்த்தேன். அவன் பொய் சொல்ல மாட்டான்."

அப்படியானால் அவனிடமே கேட்டுவிடுவது என்று சாப்பாட்டு நேரத்தில் வரிசைக்குப் போனேன். மச்சினன் லேத்துக்குப் பக்கத்தில் நின்று கழிவுப் பஞ்சில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்காகிட்ட என்னென்னவோ சொன்னீங்களாமே" என்றான் அவனே முந்திக்கொண்டு.

"உள்ளதைச் சொன்னேன். உங்க மாமா உன் டிப்பைத் தொடவே இல்லை."

"அவரே எழுதிக் கொடுத்திருக்காரு."

"உன் வேலைக்காக எழுதிக் கொடுத்தார்டா. புதுசை ஒளிச்சது நீ. மழுங்கிப்போனதை மாட்டினது நீ."

"மழுங்கிப்போனதா? யார் சொன்னா?" அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தொழில்காரன் கோபம். "லேசாத்தான் தேஞ்சிருந்துச்சு. இன்னும் ஒரு ஷிஃப்ட்டு தாராளமா தாங்கும். நான் என்ன கண்ணு தெரியாதவனா? வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான்..."

நின்றுவிட்டான்.

நடு லேத்துக்காரர் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். பிறகு, கேட்காதவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சினன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடி துடைத்தான்.

"போய் உங்க அக்காகிட்ட இதைச் சொல்லுடா" என்றேன்.

"அவரே ஒத்துக்கிட்டாரு தோழர்." குரல் இறங்கியிருந்தது. "பெரிய மனுஷன் ஒத்துக்கிட்டதை நான் எதுக்கு இல்லைன்னு சொல்லணும்? புள்ளை இப்பத்தான் தவழுது."

சங்கு ஊதியது. பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான். கம்பி சுற்றியது. கத்தி இறங்கி முழு ஆழத்துக்கு ஒரே வெட்டாக உள்ளே போனது.

"தள்ளி நில்லுங்க" என்றான், என்னைப் பார்க்காமல். "இரும்புச் சுருள் தெறிக்கும்."